நீரின் கணக்கு

நீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று கீழ்வகுப்புப் பாடநூலே அதைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டது. இனி எழுதுவதற்கு என்ன இருக்கிறது? ஆயினும் வள்ளுவர் கடவுளை வாழ்த்திய கையோடு, நீத்தாரையும் அறத்தையும் பேசுவதற்கு முன்னரே, மழைக்கென இரண்டாம் அதிகாரத்தை ஒதுக்கினார். அவர் நீரைப் பயன் கருதிப் போற்றினார். நான் இங்கே அதன் இயல்பு கருதிச் சில சொல்ல விரும்புகிறேன். இயல்பை அறியாமல் பயனை மட்டும் நுகர்ந்தால் என்ன நேரும் என்பதை ஊவா மலைகள் நமக்குக் கொடிய முறையிலே கற்பித்திருக்கின்றன.

நூற்பாடமாக மட்டும் இதனைச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். பதுளையிலிருந்து பசறை வழியாகக் கிழக்கு நோக்கி ஏறினால் மடுல்சீமை வரும். கடல்மட்டத்துக்கு 1,000 மீற்றருக்கும் மேலே, தேயிலைச் சரிவுகளும் பத்தனைப் புல்வெளிகளும் மாறிமாறி விரியும் நாடு. அதன் கிழக்கு விளிம்பில் நின்று பார்த்தால் மலை சட்டென முடிந்து, கீழே விந்தனைச் சமவெளி கடல்போலக் கிடக்கும். இம்மலைத் தொகுதியில் விழும் மழை ஒரே திசையிற் செல்வதில்லை. ஒரு பகுதி லொக்கல் ஓயாவாகி மகாவலியைச் சேர்ந்து திருகோணமலைக் கடலை நோக்கிப் போகிறது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து, தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயா, அம்பாறை வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் கொழுந்து பறிப்பவளும் சமவெளியில் நெல் விதைப்பவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் இருவருக்கும் படியளப்பது ஒரே மேகம்.

மூலகமன்று, சேர்வை

நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்னும் ஐந்தும் கலந்த மயக்கமே உலகம் என்று தொல்காப்பியர் கருதினார். கிரேக்கத்துத் தேலீசு நீரே எல்லாவற்றுக்கும் மூலம் என்றார். நீர் பகுக்க முடியாத ஒரு பூதம் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை மேனாட்டிலும் நிலவியது. 1781ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கவெண்டிசு, எரியும் வாயு ஒன்றைக் காற்றிலே எரித்து, கலத்தின் உட்புறத்தில் பனித்துளிபோல் நீர் படிவதைக் கண்டார். நீர் ஒரு மூலகமன்று, இரு வாயுக்களின் சேர்வையே என்று 1783இல் பிரான்சின் இலவாசியர் அறிவித்தார். 1800ஆம் ஆண்டில் நிக்கல்சனும் காலைலும் மின்னோட்டத்தைச் செலுத்தி நீரை மீண்டும் அவ்விரு வாயுக்களாகவே பிரித்துக் காட்டினர். இரு பங்கு ஐதரசனும் ஒரு பங்கு ஒட்சிசனும் கன அளவிலே. நிறையிலோ ஒன்றுக்கு எட்டு. எரியும் வாயுவும் எரிக்கும் வாயுவும் கூடித் தீயை அணைக்கும் பொருளாயின என்பது இயற்கையின் நகைச்சுவை.

இச்சேர்வையின் வடிவத்திலேதான் எல்லா விந்தையும் அடங்கியிருக்கிறது. ஒட்சிசன் அணுவின் இருபுறமும் ஐதரசன் அணுக்கள் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஏறத்தாழ 104½ பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. அதனால் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிது நேர்மின்னும் மறுபக்கம் சிறிது எதிர்மின்னும் உடையதாகிறது. ஒரு மூலக்கூறின் ஐதரசன் அடுத்ததன் ஒட்சிசனைப் பற்றிக்கொள்கிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் செல்லும் குழந்தைகளைப் போல, பிடிப்பதும் விடுவதும் மீண்டும் பிடிப்பதுமாக அவை இயங்குகின்றன. இதனை ஐதரசன் பிணைப்பு என்பர்.

இப்பிணைப்பு இல்லையேல் என்ன ஆகும்? நீரைவிட நிறை மிகுந்த மூலக்கூறுடைய ஐதரசன் சல்பைட்டு, சுழியத்துக்குக் கீழே 60 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. அந்த வரிசைப்படி பார்த்தால் நீர் அதனினும் குறைந்த வெப்பநிலையிற் கொதித்திருக்க வேண்டும். அப்படியானால் உலகில் கடலும் இல்லை, ஆறும் இல்லை, கட்டுரை எழுத ஆளும் இல்லை. கை கோத்து நிற்கும் மூலக்கூறுகளைப் பிரிப்பதற்கு மிகுந்த வெப்பம் வேண்டியிருப்பதாலேயே நீர் 100 பாகைவரை நீராகவே இருக்கிறது.

100 பாகை என்பது கடல்மட்டத்துக் கணக்கு. மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறையும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். 1,200 மீற்றர் உயரத்து லயன் அடுப்பிலே நீர் 96 பாகையிற் கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறதென்று மலைநாட்டு இல்லத்தரசி விறகைக் குறை கூறுவாள். பழி உண்மையில் காற்றமுக்கத்தையே சாரும். கொதித்தது 96 பாகையில் என்பதற்காக நோய்க்கிருமிகளை அஞ்ச வேண்டியதில்லை. அவை மடிவதற்கு அவ்வெப்பமே மிகுதி. கொதிக்கவையாமல் பீலித் தண்ணீரை அப்படியே குடிப்பதுதான் அஞ்சத்தக்கது.

காற்றில் மறைந்த வெப்பம்

நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பம் ஒன்று. கொதிக்கும் நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் வேறொன்று. இந்த இரண்டாவதை 1760களில் சோசப்பு பிளாக்கு என்னும் அறிஞர் அளந்து, மறைவெப்பம் என்ற கருத்தை நிறுவினார். ஒரு கிலோகிராம் நீரைச் சுழியத்திலிருந்து நூறு பாகைக்கு ஏற்றுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல், அதை ஆவியாக்குவதற்கு வேண்டும். அவ்வெப்பம் வெப்பமானியில் தெரியாது, ஆவிக்குள்ளே ஒளிந்திருக்கும். ஆவி மீண்டும் நீராகும்போது பெற்ற கடனைச் சல்லிக்காசு குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஊவாவின் பெருமைக்கெல்லாம் காரணம் இக்கடன் கணக்கே என்றால் வாசகர் நம்புவாரோ? விளக்குகிறேன்.

வைகாசி முதல் புரட்டாதிவரை தென்மேற்குப் பருவக்காற்று இந்து மாகடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு இலங்கையின் மேற்குக் கரையில் ஏறுகிறது. 28 பாகை வெப்பத்தோடு கரையேறிய காற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகில் தோன்றும்வரை அது 100 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் குளிரும். 500 மீற்றரில் முகில் தொடங்கினால் அங்கே அதன் வெப்பம் 23 பாகை. அதன் பிறகு ஆவி ஒடுங்கி நீராகிறது. மறைந்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே காற்று 100 மீற்றருக்கு அரைப்பாகை அளவே குளிரும். 1,900 மீற்றர் உயரத்து மலைமுகட்டை அடையும்போது 16 பாகை. அதற்குள் மேற்குச் சரிவில் மழை கொட்டி முடிந்திருக்கும். முகட்டைத் தாண்டிய காற்று ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது ஒடுங்குவதற்கு ஒன்றுமில்லை. 100 மீற்றருக்கு ஒரு முழுப் பாகை வீதம் சூடேறுகிறது. ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையை அடையும்போது அது மீண்டும் 28 பாகை! கடற்கரையின் வெப்பம் மலையின் மடியிலே வந்து சேர்ந்துவிட்டது. ஈரம் மட்டும் வழியிலேயே நின்றுவிட்டது. இந்த வறண்ட காற்றைத்தான் நம்மவர் கச்சான் என்கின்றனர். ஐரோப்பாவில் அல்ப்சு மலையிலிருந்து இறங்கும் இதன் உடன்பிறப்புக்கு ஃபேன் என்று பெயர்.

1924ஆம் ஆண்டில் பதுளைவரை நீண்ட புகையிரதப் பாதையிற் சென்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பட்டிப்பொலையில் குடை பிடித்து நிற்கும் பருவத்திலே, சுரங்கப்பாதையைக் கடந்து ஒகியப் பக்கம் வெளிப்பட்டதும் வெயில் எறிக்கும். ஒரு குகையின் இருவாயிலிலும் இருவேறு பருவங்கள்! அதனைக் கண்டு வியந்தவர் பலர். அங்கே நடப்பது மறைவெப்பத்தின் வரவு செலவு என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

ஆடியிலும் ஆவணியிலும் இக்காற்று வீசும்போது தேயிலைச் செடி நீருக்கு ஏங்குகிறது. வளர்ச்சி குன்றுகிறது, கொழுந்தின் உள்ளே இரசாயன மாற்றங்கள் நிகழ்ந்து மணம் திரள்கிறது. ஊவாத் தேயிலைக்கே உரிய அந்தக் குளிர்ந்த மணத்தில் மீதைல் சலிசிலேற்று என்னும் பொருளுக்குப் பெரும் பங்குண்டு. 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமசு லிப்டன் உலகெங்கும் விற்றது இலையை மட்டுமன்று. நீரை இழந்த ஒரு காற்றின் கைத்திறனையும் சேர்த்தே விற்றார்.

காற்றின் வேலை செடியோடு முடிவதில்லை, ஸ்டோரிலும் தொடர்கிறது. பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். நூறு கிலோ கொழுந்தில் 78 கிலோ நீரென்று வைத்துக்கொண்டால், காய்ந்த பொருள் 22 கிலோவே. நூற்றுக்கு மூன்று பங்கு ஈரத்தோடு பெட்டியில் அடைக்கப்படும் தூள் 23 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதாவது 77 கிலோ நீரை வெளியேற்றினால்தான் தேயிலை தேயிலையாகும். மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டி, ஈரத்தை நூற்றுக்கு 55 அளவுக்குக் கொண்டுவந்தால், அந்த 77 கிலோவில் 51 கிலோ அங்கேயே போய்விடும். எஞ்சியதை மட்டுமே அடுப்பின் சூடு போக்க வேண்டும். 51 கிலோ நீரை விறகால் ஆவியாக்குவதென்றால், வெப்பம் சிறிதும் வீணாகாதென்று கொண்டாலும், உலர்ந்த விறகு எட்டுக் கிலோ வேண்டும். அதைக் காற்று செய்து கொடுக்கிறது. பழைய ஸ்டோர்களை மூன்று நான்கு மாடியாக, எண்ணற்ற யன்னல்களோடு, காற்று வீசும் மேட்டிலே கட்டியவர்கள் அழகுக்காகக் கட்டவில்லை.

கரைக்கும் குணம்

மூலக்கூறின் இருபக்க மின்னேற்றமே நீரைப் பெரிய கரைப்பானாகவும் ஆக்குகிறது. உப்பை அணு அணுவாகப் பிரித்துச் சூழ்ந்து கொள்வது அதுவே. தேயிலையின் சாயத்தையும் சாரத்தையும் கோப்பைக்குள் இழுப்பதும் அதுவே. ஆனால் கரைக்கும் பொருள் தான் வந்த வழியிலெல்லாம் எதையேனும் கரைத்துக்கொண்டே வரும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. மலைநாட்டின் கடும்பாறைகள் அவ்வமிலத்துக்கு எளிதில் மசிவதில்லை. ஆகவே மலைப் பீலிகளின் நீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்திலோ நிலமே சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வன்னீராகிறது.

இவ்வேற்றுமையை அறிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒரே தேயிலையை இரண்டு நீரிலும் ஊற்றிப் பார்த்தால் போதும். மலைநீரிற் போட்ட தேநீர் தெளிந்து சிவந்து நிற்கும். வன்னீரிற் போட்டதோ நிறம் மங்கி, மேலே மெல்லிய ஏடொன்று படரும். கேத்தலின் அடியிலே வெள்ளைக் காரை படியும். சவர்க்காரம் நுரைக்க மறுக்கும். யாழ்ப்பாணத்து உறவினருக்கு ஊவாத் தேயிலை வாங்கிச் சென்று, அங்கே அதன் சுவை மாறிப் போனதைக் கண்டு கடைக்காரரை ஐயுற்றவர்கள் இனி அவரை மன்னித்துவிடலாம்.

கரைந்தது யாதென்று நீர் சொல்லுவதில்லை என்பதே இதிலுள்ள அபாயம். மலையிலிருந்து இறங்கி மகியங்கனைக்கு அப்பாற் சென்றால், இதே பதுளை மாவட்டத்திலே கிராந்துருகோட்டை இருக்கிறது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் இப்பகுதியிலும் விவசாயிகளைப் பற்றிய சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னதென்று அறிஞர் இன்னும் ஒருமுகமாக முடிவு கூறவில்லை. ஆனால் நிலத்தடி நீரின் வன்மையும் அதிலுள்ள புளோரைட்டும் ஐயத்துக்குரியனவாக நிற்கின்றன. கண்ணாடிபோலத் தெளிந்த நீர்தான். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை மாணவர் உளங்கொள்வாராக.

விழும் நீர்

பதுளைக்கு வருவோர் துன்கிந்தையைப் பாராமற் செல்வதில்லை. பதுளு ஓயா அங்கே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து புகைபோலத் திவலை எழுப்புகிறது. விழும் நீரின் சக்தி எங்கே போகிறது? ஓசையாகவும் திவலையாகவும் சிறிது கழிய, பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. நயாகராவின் அடியில் உள்ள நீர் மேலுள்ள நீரைவிடப் பரனைற்று அளவில் ஐந்திலொரு பாகை சூடாக இருக்கவேண்டும் என்று 1845இல் யூல் கணித்தார். அவர் வழியிற் கணக்கிட்டால் துன்கிந்தையில் வேறுபாடு 0.15 பாகை செல்சியசு. இத்தனை ஆரவாரத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். நீரைச் சூடாக்குவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விழும் நீரைச் சக்கரத்தின் மேல் விழச்செய்து ஸ்டோரின் இயந்திரங்களை ஓட்டிய தோட்டங்கள் மலைநாட்டில் பல இருந்தன. அதே தத்துவம் பேருருக் கொண்டதுதான் உமா ஓயாத் திட்டம். 120 மெகாவாற்று ஆற்றலுடைய அந்நிலையம் 2024 ஏப்பிரலில் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பத்தாண்டுகள் முன்னர், 2014 திசெம்பரில், மலையைக் குடைந்து சென்ற அதன் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. மேலே பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீடுகளிற் பிளவு கண்டது. பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் என்பது நீரின் மாறா விதி. பாறைப் பிளவுகளில் நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீருக்குக் கீழே ஒரு வழி திறந்துவிட்டால் அது யாருடைய கிணற்றை விட்டுப் போகிறோம் என்று பார்ப்பதில்லை.

ஒட்டும் நீர், உடைக்கும் நீர்

நீரின் மூலக்கூறுகள் கை கோத்து நிற்பதால் அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோலைப்போல நடந்துகொள்கிறது. இது மேற்பரப்பு இழுவிசை. விடியற்காலையிலே தேயிலையின் மேல் முத்தாக நிற்கும் பனித்துளி அதன் வேலை. மழைநாளில் பறிக்கும் கொழுந்தில் நீர் ஒட்டிக்கொண்டு கூடையைக் கனக்கச் செய்வதும் அதன் வேலைதான். தராசடியிலே இந்த ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழிப்பது தோட்டத்து வழக்கம். எத்தனை கிலோ கழிப்பது என்பது பல இடங்களில் நிறுப்பவரின் வாய்ச்சொல்லே. குறித்த கிலோ நிறையாவிட்டால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான் என்றிருக்கும் வாழ்க்கையில் இஃது அற்ப விடயமன்று. ஒரு கிலோ ஈரக்கொழுந்தை நிறுத்து, துணியால் ஒற்றி உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் அன்றைய ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஒரு பௌதிக உண்மையை அறிந்திருப்பது ஒரு குடும்பத்தின் கஞ்சிக் கலயத்தைக் காக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லக் கருதிய தலையாய செய்திக்கு வருகிறேன்.

கடற்கரையிற் குழந்தைகள் மணல்வீடு கட்டுவதைப் பாருங்கள். உலர்ந்த மணல் நிற்காது. நனைந்த மணல் நிற்கும். மணிகளுக்கிடையே சிறிது நீர் தங்கி, தன் மேற்பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அலையொன்று வந்து முழுவதும் நனைத்துவிட்டால் வீடு கரைந்து வழிந்துவிடும். இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பியதும் இழுக்கும் மேற்பரப்பே இல்லாமற் போகிறது. நிரம்பிய நீர் மணிகளை விலக்கித் தள்ளத் தொடங்குகிறது. மணியோடு மணி உராயும் பிடி தளர்கிறது. மண்ணைத் தாங்குவது மண்ணின் முழுப்பாரமன்று, நீரின் அமுக்கத்தைக் கழித்து எஞ்சிய பாரமே என்ற இவ்வுண்மையை கார்ல் தெர்சாகி என்னும் பொறியியலறிஞர் 1925இல் நூலாக வெளியிட்ட ஆய்வுகளில் நிலைநாட்டினார். ஒட்டவைத்த அதே நீர் உடைக்கவும் செய்கிறது, வேறுபாடு அளவில்தான்.

ஊவாவின் மழைக்காலம் ஐப்பசி முதல் தைவரை. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதன் மேல் விழுந்த நீரின் நிறை 1,000 தொன். அதில் ஒரு பகுதி ஓடிவிடும். எஞ்சியது மண்ணுக்குள் இறங்கும். அதனை ஓடச் செய்வதற்காகவே முன்னோர் மலைக்குக் குறுக்கே கான் வெட்டினர். கான் வெட்டுவது தோட்டத்து வேலைகளிலே மதிப்புக் குறைந்ததாக எண்ணப்படுகிறது. தூர்ந்த கானில் தேங்கும் நீர் சரிவுக்குள்ளே இறங்கி, பாறையை எட்டி, மேலே கிடக்கும் மண்ணைத் தெப்பம்போல் மிதக்கவிடும் என்பதை அறிந்தவர் அவ்வேலையை இழிவாக எண்ணார்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயன் வரிசைகள் மண்ணுக்குள் மறைந்தன. பலரின் உடல்கள் கடைசிவரை மீட்கப்படவேயில்லை. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் பேசப்பட்டது. எச்சரிக்கை ஏட்டிலே இருந்தது. லயனில் இருந்தவர்களின் கைக்கு, பயன்படும் வடிவில், அது வந்து சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பல இடங்களிற் சரிந்தன; மீண்டும் உயிர்கள் மாண்டன.

இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவது எளிது. ஆனால் நீர் சீறுவதுமில்லை, அருளுவதுமில்லை. தன் இயல்பின்படி நடக்கிறது. அவ்வியல்பை அளக்க முடியும் என்பதே விஞ்ஞானம் நமக்குத் தந்த பெருங்கொடை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு மழையளவைக் கொண்டே எச்சரிக்கை வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் இடம்விட்டு நீங்க வேண்டும். மலையொன்றில் பெய்யும் மழை அடுத்த மலையிற் பெய்வதில்லை. பதுளை நகரத்து மானி காட்டும் எண், மடுல்சீமையின் ஒரு பள்ளத்தாக்குக்குப் பொருந்தாமற் போகலாம். ஆகவே அந்தந்தச் சரிவிலே அளக்கப்படும் மழையே அந்தந்தச் சரிவின் உண்மையான எச்சரிக்கை.

மழைமானி ஒன்றும் கிடைத்தற்கரிய கருவியன்று. துரைமார் காலத்திலிருந்தே தோட்டங்களில் அது இருந்து வருகிறது. அதன் கணக்கு அலுவலகத்து ஏட்டிலே நாள்தோறும் பதியப்பட்டது. அந்த எண் விளைச்சலுக்காகப் பார்க்கப்பட்டதேயன்றி, லயனில் உறங்குவோரின் உயிருக்காகப் பார்க்கப்படவில்லை. இனி அது லயனுக்கு வரவேண்டும். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியையுடைய ஒரு கண்ணாடிக் கலத்தை, மரநிழலும் கூரையும் படாத திறந்த வெளியில் நிறுத்தி, நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாற் போதும். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு.

மலைநாட்டு ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. நீரின் கொதிநிலை யாது, உறைநிலை யாது என்று மனனம் செய்விக்கும் பாடத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு மழைமானி நிற்கட்டும். ஐப்பசி பிறந்ததும் காலையும் மாலையும் மாணவர் அதனைப் படித்து, எண்ணை வாயிற்பலகையில் எழுதட்டும். அந்த எண்ணோடு வேறு சில அடையாளங்களையும் அவர்களுக்குக் கற்பியுங்கள்: நிலத்திலும் சுவரிலும் புதிய பிளவு, நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று நின்றுபோதல், தெளிந்தோடிய பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கல். இவற்றைத் தோட்டத்து முதியோர் அறிவார்கள். அவர்களின் அனுபவமும் மாணவரின் எண்ணும் ஒன்றுசேரும் இடத்திலே ஒரு விஞ்ஞானம் பிறக்கும். அது எந்தப் பாடநூலிலும் உள்ளதைவிட நமக்கு அணித்தானது.

அபாயமான சரிவுகளிலிருந்து மக்களை நீக்கிப் பாதுகாப்பான நிலத்தில் வீடமைத்துக் கொடுப்பது அரசினதும் தோட்ட நிருவாகங்களினதும் கடமை. மழைமானி அக்கடமைக்கு மாற்றாகாது. ஆனால் அவ்வீடுகள் எழும்வரை ஒவ்வோர் ஐப்பசியும் வரத்தான் போகிறது. அதுவரை, இரவு பெய்த மழை எத்தனை மில்லிமீற்றர் என்று லயனில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அப்பிள்ளை சொன்னால் பெரியவர்கள் எழுந்து வெளியே வரவும் வேண்டும்.